பிடித்த வரியும் தாமத வட்டியும்

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வேலை முழுவதும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதில்லை. ஏற்றுமதி நிறுவனம் தன் தோலைக் கொடுத்து, பதனிடும் பணியைக் கூலி அடிப்படையில் மற்றொரு தொழிற்சாலையிடம் ஒப்படைப்பதும் உண்டு. அக்கூலியில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்து, அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் அரசுக்குச் செலுத்துதல் வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் நெறி. மார்ச்சு மாதத்தில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை உண்டு.

பிடித்த தொகை பிடித்தவருடையதன்று. கூலி பெற்றவரின் வரிக்கணக்கில் சேர வேண்டியது. எனவே ஏட்டில் அது செலவாகாது, செலுத்தும் நாள்வரை பொறுப்பாகவே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கூட்டாண்மை நிறுவனம் ஒன்றுக்கு உரிய கூலி ரூ.5,00,000. ஜூன் 25 அன்று 2 விழுக்காடு, அதாவது ரூ.10,000 பிடிக்கப்படுகிறது. பதனிடு கூலிக் கணக்கில் ரூ.5,00,000 பற்று, கூலி பெறுவோர் கணக்கில் ரூ.4,90,000, செலுத்த வேண்டிய பிடித்த வரிக் கணக்கில் ரூ.10,000 வரவு. வரி ஜூலை 10 அன்று செலுத்தப்படுகிறது. தாமதம் மூன்றே நாள்.

ஆயினும் வட்டி ஜூலை 7இலிருந்து கணக்கிடப்படுவதில்லை. மாணவர் பலர் பிழை செய்யும் இடம் இதுவே. சட்டப்படி, பிடித்த நாள் முதல் செலுத்திய நாள்வரை, மாதத்திற்கோ அதன் பகுதிக்கோ 1.5 விழுக்காடு வட்டி உண்டு. வரித்துறை நாட்காட்டி மாதங்களை எண்ணுவதால் ஜூன், ஜூலை என இரண்டு மாதங்கள், வட்டி ரூ.300. பிடித்த வரிக் கணக்கில் ரூ.10,000, தாமத வட்டிக் கணக்கில் ரூ.300 பற்று, வங்கிக் கணக்கில் ரூ.10,300 வரவு. இவ்வட்டியை வங்கிக் கடன் வட்டியோடு கலவாமல் தனித்தலைப்பில் காட்டுவது நன்று.

இலாபநட்டக் கணக்கில் இந்த ரூ.300 செலவே. வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடும்போதோ அதனை இலாபத்துடன் மீண்டும் கூட்டிவிட வேண்டும். சென்னை பிராப்பர்டீஸ் அண்டு இன்வெஸ்ட்மெண்ட் நிறுவன வழக்கில், இவ்வட்டி வரியின் இயல்பையே பெறுகிறது, வணிகச் செலவாகக் கழிக்க இயலாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொல்கத்தாவிலுள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017இல் ஒரு வழக்கில் வேறாகக் கருதியது. எனினும் தமிழ்நாட்டு நிறுவனங்கள் பின்பற்ற வேண்டியது உயர்நீதிமன்றத் தீர்ப்பையே.

அந்த ரூ.300 அரசைச் சேரும். காத்திருந்த பதனிடு தொழிற்சாலைக்கு அதில் பங்கில்லை. வரி செலுத்தப்பட்டுக் காலாண்டு அறிக்கையும் தாக்கலான பின்னரே, ரூ.10,000 அதன் வரிக்கணக்கு அறிக்கையில் தோன்றும். அதுவரை அத்தொகை அதன் பேரேட்டில் வரவேண்டிய சொத்தாகவே நிற்கும்.