மிச்ச மருந்தும் வீட்டு முயலும்

திமிரிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து தாய் ஒருவர் தம் ஏழு வயது மகனை எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். சிறுவனுக்குத் தொண்டை அழற்சி முன்பே குணமாகிவிட்டது. மறுபரிசோதனைக்காகவே வந்திருந்தார்கள். பரிசோதனை முடிந்த பின்னும் அந்தத் தாய் எழவில்லை. வீட்டில் வளர்த்த முயலுக்குச் சளி பிடித்ததாகவும், மகனுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின் மருந்தில் பாதிப் புட்டி மிஞ்சியிருந்ததால் அதைக் காலையும் மாலையும் முயலுக்குப் புகட்டியதாகவும், மூன்றாம் நாள் அது இறந்துவிட்டதாகவும் சொன்னார். "குழந்தைக்கு ஒத்துக்கொண்ட மருந்துதானே, டாக்டர்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை.

பின்னர்க் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்தோம். அவர்களுக்கு இது பழகிய செய்தி. முயலின் உணவைச் செரிப்பதில் பெரும்பங்கு அதன் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களுடையது. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் அழிகின்றன. நச்சை உண்டாக்கும் கிருமிகள் அவ்விடத்தில் பெருகுகின்றன. கடும் கழிச்சல் கண்டு முயல் சில நாள்களில் மடிகிறது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், செஃபலெக்சின் ஆகியவை எங்கள் மருந்துச்சீட்டுகளில் அன்றாடம் இடம்பெறுபவை. மனிதருக்கு நன்மை செய்யும் இவற்றை வாய்வழியாகப் புகட்டுவது முயலின் உயிருக்கே ஆபத்து. மருந்தைச் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று அத்தாய்க்கு அழுத்திச் சொல்ல நாங்கள் தவறியிருந்தோம். மிஞ்சினால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. மனித மருத்துவர்களாகிய நாங்கள் முயலைப் பற்றி எழுத முற்பட்டதற்கு இதுவே காரணம்.

களிம்புகளுக்கும் இது பொருந்தும். படர்தாமரைக்கென்று கடைகளில் விற்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. முயல் தன் உடலை ஓயாமல் நக்கும் பிராணி. பூசிய களிம்பு சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும். நாய்க்கு உண்ணி ஒழிக்க ஊற்றும் ஃபிப்ரோனில் மருந்தை முயலின் மேல் ஒரு துளியும் விடக்கூடாது. முயலுக்கு அது நஞ்சாகும்.

முயல் நோயை மறைக்கும். காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால், வலித்தாலும் குரல் கொடுக்காமல் ஒரு மூலையில் ஒடுங்கி அமர்ந்துவிடும். ஆகவே வளர்ப்போர் நாள்தோறும் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தீனி குறைந்திருக்கிறதா என்பது. மற்றொன்று, புழுக்கை விழுந்திருக்கிறதா என்பது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. அதன் குடல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அரை நாள் அளவுக்கு முயல் எதையும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. கூன் விழுந்தாற்போல் அமர்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் வலி என்று கொள்ளலாம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எண்ணெய், சோடா, ஓமத் தண்ணீர் முதலியவற்றை வாயில் ஊற்ற வேண்டா. குடலில் அடைப்பு இருக்கும்போது வலிந்து ஊட்டுவதும் தீங்காகும்.

இரவிலோ விடியலிலோ முயல் தன் பின்புறத்திலிருந்து மென்மையான, பளபளப்பான புழுக்கைகளை நேரே வாயால் எடுத்து உண்பதைக் கண்டு சிலர் அருவருத்து அடிக்கின்றனர். அது நோயன்று. குருட்டுக்குடலில் உருவாகும் புரதமும் வைட்டமின்களும் இவ்வாறே மீண்டும் உடலில் சேர்கின்றன. அதைத் தடுத்தால் முயலுக்குச் சத்துக் குறையும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முயல் என்றதும் கேரட் நினைவுக்கு வருவது படக்கதைகளின் பழக்கம். உண்மையில் கேரட்டில் சர்க்கரை மிகுதி. வாரத்துக்கு ஓரிரு துண்டுகள் போதும். முயலின் முதன்மை உணவு புல். அதன் உடலளவு புல்லோ உலர்புல்லோ நாள் முழுவதும் முன்னால் கிடக்க வேண்டும். நம் பகுதியில் இதற்குச் செலவில்லை. வரப்பில் அருகம்புல் உண்டு. மாடு வளர்ப்போர் வீட்டில் கோ-4 தீவனப்புல்லும் வேலிமசாலும் கிடைக்கும். பூச்சிமருந்து தெளிக்காத இடமாகப் பார்த்து அறுக்க வேண்டும். நிலக்கடலைக் கொடியை நன்கு காயவைத்து அளவாகத் தரலாம். பூஞ்சை பிடித்திருந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். முருங்கைக் கீரையிலும் குதிரைமசாலிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். நாள்தோறும் தந்தால் வளர்ந்த முயலின் சிறுநீர்ப்பையில் கல் உருவாகக்கூடும். கடையில் விற்கும் அடர்தீவனம், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவோடு நிற்கட்டும். சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு ஆகியவை வேண்டவே வேண்டா. வெங்காயம், பூண்டு, தக்காளிச் செடியின் இலை, உருளைக்கிழங்கு முளை ஆகியவையும் ஆகா. வாசலில் பூவுக்காக வளர்க்கும் அரளியின் பக்கம் முயலை விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

புல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். நாரை அரைத்து மெல்லும்போதுதான் அவை தேயும். மென்தீனி மட்டுமே தின்னும் முயலுக்குப் பல் நீண்டு கன்னத்தையும் நாவையும் குத்தும். மோவாய் ஈரமாக இருந்தாலோ, தீனியை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட்டாலோ பல்லைத்தான் முதலில் ஐயுற வேண்டும். வீட்டில் நகவெட்டியால் பல்லை நறுக்காதீர்கள். பல் பிளந்துவிடும்.

வேலூர், இராணிப்பேட்டைப் பகுதியின் கோடை மனிதருக்கே கொடிது. முயலுக்கு வியர்த்து வெப்பம் தணியும் வாய்ப்பு இல்லை. நீண்ட காதுகளின் வழியாகவே அது பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது. நடுவண் அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தமிழகத்தில் முயல் வளர்க்கும் இடம் கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நாமோ அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ்க் கம்பிக்கூண்டை வைக்கிறோம். முயல் வாயைத் திறந்து இளைத்தால், காது சிவந்து சுட்டால், நிழலுக்குக் கொண்டு சென்று காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைத்து, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தக் கூடாது. பொதுவாகவே முயலைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பின்புறம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதை மட்டும் துடைத்து உலர்த்துங்கள்.

கூண்டின் கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். சணல்சாக்கு விரியுங்கள். தோல் தொழிற்சாலையில் வேலை செய்வோர் வீடுகளில் வெட்டுத்தோல் துண்டுகளை மெத்தையாகப் போடும் வழக்கத்தையும் கண்டிருக்கிறோம். முயல் எதையும் கொறிக்கும். குரோம் உப்பால் பதனிட்டுச் சாயமேற்றிய தோல் அதன் வயிற்றுக்குள் போக வேண்டியதன்று.

இனி எங்கள் துறைக்குரிய செய்தி. முயலின் மூக்கிலும் காதோரத்திலும் பாதத்திலும் வெண்மையான பொருக்குத் தோன்றினால் அது சொறியாக இருக்கலாம். அதைத் தூக்கி விளையாடும் குழந்தையின் கைகளிலும் வயிற்றிலும் அரிப்பு உண்டாகும். படர்தாமரையும் முயலிலிருந்து மனிதருக்குப் பரவும். இருவருக்கும் ஒரே வேளையில், அவரவர்க்குரிய மருத்துவரிடம் சிகிச்சை பெற்றால்தான் தீரும். அரிப்புடன் வருவோர் வீட்டில் முயல் இருப்பதை எங்களிடம் சொல்லுங்கள். பலர் சொல்வதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முயலின் முடி மட்டுமன்றிச் சிறுநீரும் உலர்புல் தூசியும் ஒவ்வாமை தரலாம். கூண்டைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

முயல் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வாருங்கள். தணுக்கால ஊசி தேவையா என்று பார்ப்போம். வீட்டு முயலால் வெறிநோய் வருவது மிக அரிது. ஆயினும் அந்த முயலை நாயோ கீரியோ கடித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயலில் அகப்படும் காட்டு முயல் குட்டிகளை வளர்க்க எடுத்து வராதீர்கள். அது வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதைத் தடை செய்கிறது.

புற்றுநோய் மருந்து பெறுவோரும், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோரும் "முயலைக் கொடுத்துவிட வேண்டுமா?" என்று எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். பெரும்பாலும் தேவையில்லை. கூண்டு கழுவும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். முகத்தோடு அணைக்காதீர்கள். பல மாதச் சிகிச்சையில் அந்த முயல்தான் துணை என்று சொன்ன நோயாளிகளும் எங்களுக்கு உண்டு.

உள்நோயாளியாகச் சேர்வோரின் உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் இங்கே இருந்துவிட்டுப் போய்ப் பார்க்கையில் முயல் பிழைத்திராது. சேரும் அன்றே அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் புல்லும் தண்ணீரும் வைக்கவும் புழுக்கையைப் பார்க்கவும் சொல்லுங்கள். உடல்நலம் குன்றினால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1962 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். கடினமான நோய்களுக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அந்தத் தாய் சென்ற மாதம் மீண்டும் வந்தார். மகன் கையில் புதிய முயலின் படம் இருந்தது. இம்முறை மருந்துச்சீட்டை நீட்டியபோது, மிஞ்சுவதைக் கொண்டுவந்து மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள் என்று நாங்களே முதலில் சொன்னோம்.