எட்டே பாட்டு, இன்னும் தீரவில்லை

திருவனந்தபுரத்தின் 'அவியல்' குழு 2008ல் தந்த ராக் ஆல்பம், கேட்கக் கேட்கத்தான் பிடிபடுகிறது. அதில் தமிழுக்கும் பங்கு உண்டு.

விழிஞ்ஞத்தில் இப்போது கப்பல் பேச்சுதான். 2025 மே 2ல் திறக்கப்பட்ட துறைமுகத்தில் கன்டெய்னர்கள் இறங்குகின்றன. பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்தில் 2003லேயே வேறொரு வெளிநாட்டுச் சரக்கு உள்ளூர் முகவரி பெற்றுவிட்டது: ராக் இசை.

கேரளத்துக்கு ராக் புதிதல்ல. கொச்சியின் '13 ஏடி' குழு 80களிலேயே பிரபலம். ஆனால் பாடியது ஆங்கிலத்தில். அவியல் குழு மலையாளத்தில் பாடியது, அதுவும் நாட்டுப்புற வாடையோடு. டோனி ஜானின் குரல், ரெக்ஸ் விஜயனின் கிதார், பின்னி ஐசக்கின் பேஸ், மிதுன் புத்தன்வீட்டிலின் டிரம்ஸ். ஃபாட் ஃபிஷ் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயர்தான். மொத்தம் எட்டுப் பாட்டு.

முதல் தடவை கேட்டால் சத்தம்தான் காதில் விழும். இரண்டாம் தடவை ஒரு சிக்கனம் புலப்படும். கிதார் ஒரு சின்ன சுரக்கோவையைப் பிடித்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. சொல்லும் அப்படியே. 'நட நட' என்ற பாட்டுக்கு நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

'ஆடு பாம்பே' தமிழருக்குக் கூடுதல் விருந்து. வரிகள் ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. விழிஞ்ஞத்துக்குக் கிழக்கே நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில், 1888ல் சாதித் தடையை மீறிச் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தவர் அவர். தமிழ் கற்றவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியவர். நம் பாம்பாட்டிச் சித்தரின் பாம்புதான் அவர் பாட்டிலும் ஆடுகிறது.

அந்தப் பாம்பு உடலுக்குள் சுருண்டு கிடக்கும் சக்தி. ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதை எழுப்புவது சித்தர் பாணி. ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்பவரை வசப்படுத்துவது ராக் பாணி. இரண்டும் இயல்பாகவே பொருந்துவதால் பாட்டில் ஒட்டுப்போட்ட தையல் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் கிதாரின் இரைச்சல் சொல்லை விழுங்கிவிடுகிறது. மலையாளம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் தடுமாறுவார்கள்.

ஆனாலும் அரை நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவும் செல்போன் யுகத்தில், இந்த ஆல்பம் கேட்பது கொஞ்சம் பொறுமைதான். அவியலில் காய்கள் தனித்தனியே தெரியும், ருசி மட்டும் ஒன்று. பெயர் பொருத்தமானதுதான். எட்டாவது பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுங்கள். இந்தத் தடவை கிதாரை விட்டுவிட்டுப் பாம்பைக் கவனியுங்கள்.