சூட்டுக்கு அசையாத கல்லின் அந்தரங்கம்

சித்திரை வெயிலில் வெறுங்காலோடு படியேறி விராலிமலை முருகனைப் பார்த்தவர்களுக்குக் கருங்கல் எவ்வளவு சூடு வாங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பாதம் பொசுங்கும் அந்த நேரத்தில் பாறைக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? ஒவ்வொரு படிகமும் உப்பிக்கொண்டிருக்கிறது! ஒரு மீட்டர் கருங்கல் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளும். பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே கல் உடைக்கிறவர்களுக்கு இது தெரியும். பாறைமேல் விறகை எரித்து, தீயை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். மேல்தோல் உப்பி, அடிப்பாறையை விட்டுக் கிளம்பும். பிறகு தகடு தகடாகப் பெயர்த்து எடுக்க வேண்டியதுதான்.

அந்தக் கருங்கல்லில் இருக்கும் சிலிக்காவையும் அலுமினாவையும் எடுத்து, லித்தியத்தோடு சேருங்கள். கதையே வேறு! சூடேற்றினால் சுருங்குகிற படிகம்கூட அந்தக் குடும்பத்தில் பிறக்கிறது. வாருங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

பெட்டலைட், ஸ்போடுமீன், யூக்ரிப்டைட் என்று மூன்று பேர். மூவருக்குள்ளும் இருப்பது லித்தியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மட்டுமே. 1817இல் ஸ்வீடனின் ஆர்ஃப்வெட்சன் லித்தியம் என்ற தனிமத்தையே கண்டுபிடித்தது பெட்டலைட்டை ஆராய்ந்தபோதுதான். யார் எங்கே நிலைப்பார் என்பதைத் தீர்மானிப்பது அழுத்தமும் வெப்பமும். அழுத்தம் ஏறினால் நெருக்கி அடுக்கிய கட்டமைப்புக்கே ஆற்றல் கணக்கில் லாபம். அங்கே ஸ்போடுமீன் நிற்கும். அழுத்தம் குறைந்து வெப்பம் கூடினால் இடம் தாராளமாக உள்ள பெட்டலைட். இரண்டுமே குறைவாக இருந்தால் யூக்ரிப்டைட்டும் குவார்ட்ஸும் கைகோத்துக்கொள்ளும். புவியியலாளர் டேவிட் லண்டன் இந்த எல்லைக்கோடுகளைச் சோதனையில் வரைந்து 1984இல் வெளியிட்டார். அன்றிலிருந்து, இந்தக் கற்களைப் பார்த்தே பாறை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் இறுகியது என்று புவியியலாளர்கள் கணித்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி கனடாவின் டான்கோ சுரங்கத்தில் இருக்கிறது. முதலில் அங்கே வளர்ந்தது பெட்டலைட். அழுத்தம் இருக்கும்போதே பாறை ஆறியதால், அது தாக்குப்பிடிக்க முடியாமல் ஸ்போடுமீனும் குவார்ட்ஸுமாகப் பிரிந்துவிட்டது. ஆனால் வெளி வடிவம் அப்படியே பெட்டலைட்! உடம்பு ஒருவருடையது, உயிர் வேறு இருவருடையது.

நம் பக்கத்திலும் ஸ்போடுமீன் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய மண்டியா மாவட்டப் பகுதியில், மார்லகல்லா–அல்லாபட்டணா பெக்மடைட் பாறைகளில், சுமார் 1,600 டன் லித்தியம் இருப்பதாக இந்திய அணுசக்தித் துறையின் கனிம ஆய்வு இயக்ககம் மதிப்பிட்டிருக்கிறது. பேட்டரி உலகத்துக்கு இது சின்ன அளவுதான். ஆனால் அந்தக் கல்லிலிருந்து லித்தியத்தை எடுப்பது எப்படி? அமிலத்தை ஊற்றினால் சட்டை செய்யாது. அவ்வளவு இறுக்கம்!

அதனால்தான் சூளை. 1,050 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். கணக்குப்படி இதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஸ்போடுமீன் வேறு உருவத்துக்கு மாறியிருக்க வேண்டும். ஆனால் அணுக்கள் பழைய பிடிப்பை உதறிவிட்டு நகர்வதற்குக் கூடுதல் உந்துதல் தேவைப்படுகிறது. உந்துதல் கிடைத்ததும், ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவே அமர்ந்திருந்த அலுமினியம் நான்குக்கு நடுவே வந்துவிடுகிறது. அடர்த்தி 3.1இலிருந்து 2.4க்கு விழ, கல் 30 சதவீதம் உப்பி, நெல் பொரிவதுபோல வெடித்து உதிர்கிறது! இந்தப் புது உருவத்துக்கு பீட்டா-ஸ்போடுமீன் என்று பெயர். ஆறிய பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. அதன்பின் கந்தக அமிலம் கலந்து 250 டிகிரியில் வறுத்தால், ஹைட்ரஜன் உள்ளே புக, லித்தியம் வெளியே வந்துவிடும்.

இனிதான் உச்சக்கட்டம். யூக்ரிப்டைட்டின் பீட்டா உருவத்தைச் சூடாக்கினால் அது இரண்டு திசைகளில் விரிந்து, மூன்றாவது திசையில் வெகுவாகச் சுருங்குகிறது. மொத்தத்தில் கன அளவு லேசாகக் குறைகிறது. லித்தியம்-அலுமினியம்-சிலிக்கா கண்ணாடியை உருக்கி, ஆறவைத்து, மறுபடி பக்குவமாகச் சூடேற்றினால், இதே குணமுள்ள நுண்படிகங்கள் கண்ணாடிக்குள்ளேயே முளைக்கின்றன. படிகம் சுருங்க, மிச்சக் கண்ணாடி விரிய, கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்! ஷாட் நிறுவனம் 1968இல் உருவாக்கிய செரோடூர் இப்படிப் பிறந்ததுதான். அதில் எழுபது சதவீதத்துக்கு மேல் படிகம். ஆனாலும் ஒளி ஊடுருவும், ஏனென்றால் படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியவை.

வெப்ப இயக்கவியல் கணக்கைக் கேட்டால், அந்தப் படிகங்கள் அந்த உருவத்தில் இருக்கவே கூடாது. அறைச் சூட்டில் அவை நிலையானவை அல்ல. வேறொன்றாக மாற வழியின்றி உறைந்து நிற்கின்றன, அவ்வளவே. 900 டிகிரியைத் தாண்டிப் போகவிட்டால் பீட்டா-ஸ்போடுமீன் வகைக்கு மாறி, வளர்ந்து, பால்வெள்ளையாகிவிடும். கண்ணாடித் தகடு பதித்த அடுப்புகளில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு ரகம் வருவதற்கு இந்த மாற்றம் ஒரு காரணம்.

இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமையான பங்கு இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் வைணு பாப்பு தொலைநோக்கியில் உள்ள 2.34 மீட்டர் ஆடி செரோடூரால் ஆனது! பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் அந்த ஆடி தேய்த்து மெருகேற்றப்பட்டது. தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தியால் தொடங்கிவைக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடியில் அவ்வளவு பெரிய ஆடி செய்திருந்தால், 10 டிகிரி மாற்றத்துக்கே 0.2 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராக அல்ல. ஆடியின் வளைவோ ஒளி அலையின் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருந்தாக வேண்டும். பகலில் வெயிலும் இரவில் மலைக்குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் வேறு எதை நம்ப முடியும்? மேலே இருக்கும் அலுமினியப் பூச்சு அவ்வப்போது மங்கும். அப்போது ஆடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கழுவி, வெற்றிடத் தொட்டிக்குள் வைத்துப் புதிதாகப் பூசுவார்கள். அடியில் இருக்கும் வளைவு அன்று பெங்களூரில் தேய்த்த அதே வளைவுதான்!