வாழைப்பழமும் ஒரு கீபோர்ட்தான்!

வாழைப்பழத்தைத் தொட்டால் கம்ப்யூட்டரில் பியானோ ஒலிக்குமா? ஒலிக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த ஜே சில்வர், எரிக் ரோசன்பாம் இருவரும் உருவாக்கிய 'மேக்கி மேக்கி' என்ற சிறு போர்டின் வேலை இது. 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 25,000 டாலர் கேட்டார்கள். 5,68,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

யுஎஸ்பி-யில் செருகியதும் கம்ப்யூட்டர் இதை கீபோர்ட் என்றே எடுத்துக்கொள்கிறது. தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. 'ஸ்பேஸ்' என்ற இடத்திலிருந்து வரும் வயரைப் பழத்தில் குத்துங்கள். எர்த் வயரைக் கையில் பிடித்தபடி பழத்தைத் தொடுங்கள். நோட்பேடில் கர்சர் நகரும். பழத்திலும் நம் உடம்பிலும் உள்ள நீரும் உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால் சர்க்யூட் முழுமையாகிறது. எலுமிச்சை, பச்சை மாவிலை எல்லாம் சரி. காய்ந்த கொட்டாங்கச்சி உதவாது.

சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "ஷாக் அடிக்காதா சார்?" என்றுதான். அடிக்காது. 5 வோல்ட்டுக்கு 22 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். பாய்வது கால் மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை. ஆனால் இந்த போர்டு இல்லாமல் வெறும் வயரை யுஎஸ்பி போர்ட்டில் நுழைக்காதீர்கள். மதர்போர்டே போய்விடலாம்.

பியானோ விளையாட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. விரலால் சின்ன கீயை அழுத்த முடியாத குழந்தைக்கு, உப்புப் போட்டுப் பிசைந்த சப்பாத்தி மாவு உருண்டையே பெரிய கீ ஆகிவிடும். எர்த் வயரைப் பிடிக்கவும் முடியாதா? அலுமினியத் தாளில் காப்பு செய்து கையில் மாட்டி, அதில் வயரை இணைத்துவிடுங்கள்.