ஹாம்லெட்டும் ஒரு வலியசாலை ஆதாரமும்

வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ் வீட்டு மொழி. மலையாளம் வீதி மொழி. ஆங்கிலமோ பரீட்சை மொழி. அந்தப் பரீட்சை மொழி எங்கள் வீட்டு வழக்கு ஒன்றைத் தீர்த்துவைத்த கதையை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1970-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்தேன். முன்பு மகாராஜா கல்லூரியாக இருந்தபோது பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தத்துவம் போதித்த இடம் அது. அவருடைய 'மனோன்மணீயம்' (1891) லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவியது. ஆகவே ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது எங்களுக்குப் புதிதல்ல.

எங்களுக்கு 'ஹாம்லெட்' பாடம். ஆசிரியர் முதலில் பழிவாங்கும் துன்பியல் நாடகம் என்னும் வகையை விளக்கினார். ரோமாபுரி செனெக்காவின் நாடகங்கள் அதற்கு வேர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் டிராஜெடி' இங்கிலாந்தில் அதற்கு வழி வகுத்தது. ஒரு கொலை, ஓர் ஆவி, பித்துப் பிடித்த கோலம், நாடகத்துக்குள் நாடகம், கடைசியில் மேடை நிறையப் பிணங்கள். கிட்டின் நாயகன் ஹியரோனிமோ நீதி வழங்கும் அதிகாரி. ஆனால் மகனைக் கொன்றவர்கள் அரச குடும்பத்தார். தனக்கே நீதி கிடைக்காமல் அவன் பழிவாங்கப் புறப்படுகிறான்.

அப்போது அப்பா காலமாகி இரண்டு வருஷம். அவருடைய வீட்டுப் பங்கைச் சித்தப்பா ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார் என்பது அம்மாவழிப் பாட்டியின் தீர்ப்பு. அடுத்த தெருவிலிருந்த சித்தப்பாவோடு பேச்சே கிடையாது. ஹாம்லெட்டின் பகைவனும் தகப்பனாரின் உடன்பிறந்தவன்தானே! ஹாம்லெட் ஏன் தாமதித்தான் என்ற கேள்விக்கு, அவன் கோழை என்று ஆவேசமாக நாலு பக்கம் எழுதினேன்.

ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: அவன் கையில் என்ன ஆதாரம் இருந்தது? திரும்பப் படித்தேன். ஆவி சொன்னது மட்டும்தான். அது தன்னைக் கெடுக்க வந்த பேயாகவும் இருக்கலாம் என்று ஹாம்லெட்டே ஐயப்படுகிறான். மன்னனின் முகத்தைப் பார்த்து உண்மையறியத்தான் நாடகம் போடுகிறான். நான் அவனைப் படிக்கவில்லை. என் கோபத்தைத்தான் படித்திருக்கிறேன்.

அந்தக் கும்ப மாதம் அம்மா ஆற்றுகாலில் பொங்கலை இட்டாள். வலியசாலையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அங்கே தோற்றம் பாட்டில் பாண்டியன் வதம் பாடப்பட்ட பிறகே அடுப்பில் தீ மூட்டுவார்கள். சிலப்பதிகாரத்திலோ கண்ணகி மன்னனைக் கொல்லவில்லை. சிலம்போடு சபைக்குப் போகிறாள். முத்துக்குப் பதில் மாணிக்கப் பரல் தெறிக்கிறது. நெடுஞ்செழியன் தன் பிழை உணர்ந்து தானே உயிர் விடுகிறான். மதுரை எரிந்தது அதற்குப் பிறகு. முதலில் அவள் சான்றைத்தான் காட்டினாள். காவலனும் அவளை உள்ளே விட்டான். டென்மார்க்கில் மன்னனே குற்றவாளி. ஹாம்லெட் எந்த வாசலில் போய் நிற்பான்?

எனக்கு வாசல் அடுத்த தெருவிலேயே இருந்தது. ஒரு மாலை போய் நின்றேன்.

"சித்தப்பா, அப்பா பங்கை எப்படி வாங்கினேள்?"

அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து ஆதாரத்தை எடுத்துக் கொடுத்தார். மலையாளத்தில் கிரயப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். "படிச்சுப் பாருடா" என்றார். அப்பாவின் கையெழுத்து, தேதி அக்கா கல்யாணத்துக்கு முந்தின மாதம். வீட்டில் யாரிடமும் அப்பா சொல்லவில்லை.

"விலை கொஞ்சம் குறைச்சல்தான். அண்ணா கேட்ட அவசரத்தில் நான் பேரம் பேசினது தப்பு" என்றார் சித்தப்பா.

பாட்டி சொன்னதில் பாதி பொய், பாதி உண்மை. இருவரும் காப்பி குடித்தோம். மறுநாள் கட்டுரையை முதலிலிருந்து மாற்றி எழுதினேன்.