ஒரு காது, எட்டு வாய்!
கம்ப்யூட்டருக்குள் ஒரு காவல்காரர்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் மலைப் பாதையில் இருக்கிறது அரவேணு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பசுந்தேயிலை விற்கிற சிறு விவசாயிக்கு எடைதான் எல்லாம்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை ஆலை ஒன்றில் எட்டு மின்னணுத் தராசுகள். கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தராசும் எடையை ஒரு கம்பி வழியாகச் சொல்கிறது. 48 கிலோ என்றால் முதலில் 4, அப்புறம் 8. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதற்குத்தான் 'சீரியல்' முறை என்று பெயர்.

வழியில் அந்த 4 தொலைந்தால்? 48 கிலோ கொண்டுவந்தவர் கணக்கில் 8 கிலோ!

மணி ஒன்றுதான்

சாதாரணக் கம்ப்யூட்டரில் இந்த மாதிரிக் கம்பிக்கு ஒன்றிரண்டு இடம்தான் இருந்தது. எட்டு வேண்டுமானால் அதற்கென்று ஓர் அட்டையைச் செருக வேண்டும். 1990-களில் நம் நாட்டு வங்கிக் கிளைகள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான். பின்னறையில் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர். முன்னால் கவுண்டருக்கு ஒரு திரை.

அட்டையைச் செருகினால் மட்டும் போதாது. அதன் பாஷை கம்ப்யூட்டருக்குப் புரியாது. நடுவே ஒரு புரோகிராம் வேண்டும். அதன் பெயர் 'டிரைவர்'. பஸ் ஓட்டுகிற டிரைவர் அல்ல! கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கும் 'கெர்னல்' என்ற மையப் புரோகிராமுக்குள்ளேயே இது உட்கார்ந்திருக்கும்.

எழுத்து வந்ததும் அட்டை மணி அடிக்கும். எட்டுக் கம்பிக்கும் பெரும்பாலும் மணி ஒன்றுதான். அடித்தது யார் என்று டிரைவர் வாசல் வாசலாகப் பார்த்து வர வேண்டும். 9,600 வேகத்தில் ஓடும் ஒரு கம்பியில் வினாடிக்கு 960 எழுத்துகள் வரும். பழைய '8250' சில்லில் ஓர் எழுத்து காத்திருக்கத்தான் இடம். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசந்தால் போச்சு! அடுத்த எழுத்து வந்து முந்திய எழுத்தை அழித்துவிடும். பிறகு வந்த '16550ஏ' சில்லு 16 எழுத்துகளைப் பிடித்து வைத்தது. டிரைவர் மூச்சு விட்டது அப்போதுதான்.

கவனிப்பார் இல்லை

லினக்ஸ் என்ற கெர்னலை 1991-ல் தொடங்கியவர் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ். அப்போது வயது 21. பிரேசிலில் பிறந்த சைக்லேட்ஸ் என்ற கம்பெனி பல கம்பி அட்டைகளைச் செய்தது. அவற்றுக்கு லினக்ஸ் டிரைவரை முதலில் எழுதியவர் ராண்டால்ஃப் பென்ட்சன். பிறகு பலர் கைகொடுத்தார்கள்.

எழுதியதோடு வேலை முடிந்ததா? இல்லை. கெர்னல் இப்போது வருஷத்துக்கு ஐந்தாறு தடவை புதிதாகிறது. உள்ளே ஏதாவது மாறினால் டிரைவரையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். திருத்தியது சரிதானா என்று பார்க்க அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். பழைய அட்டைக்கு எங்கே போவது? எழுதுவதைவிட இதுதான் பெரிய பாடு என்பேன். இதைப் பாராட்டுவார்தான் குறைவு.

சைக்லேட்ஸை 2006-ல் அவோசென்ட் என்ற கம்பெனி வாங்கியது. நாளடைவில் டிரைவரைக் கவனிக்க ஆள் இல்லை. 'அனாதை' என்று சொல்லி 2021-ல் கெர்னலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். தைவானின் மோக்ஸா அட்டைகளுக்கான டிரைவர் தப்பித்துக்கொண்டது.

சைக்லேட்ஸ் அட்டையை இன்னும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? பழைய கெர்னலையே ஓட்டலாம். ஆனால் அதன் ஓட்டைகளை அடைக்க என்றைக்கும் ஆள் இருக்கமாட்டார்கள். புது அட்டை வாங்கலாம். அதற்குப் பணம் வேண்டும். மூன்றாவது வழியும் உண்டு. நீக்கிய டிரைவர் பழைய பதிவுகளில் வரி குறையாமல் கிடக்கிறது. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். தடை இல்லை, காசும் இல்லை.