மூட்டுக்கு ஊசி போடுமுன் ஈரலைப் பாருங்கள்

முடக்குவாதம் கண்ட கையால் பால்மரக் கத்தியைப் பிடிப்பது எத்தனை பாடு என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் விரல் மடங்காது; தேத்தண்ணிக் குவளையைத் தூக்க முடியாது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கும் அடங்காத நோய்க்கு இன்று 'பயாலஜிக்' ஊசிகள் போடுகிறார்கள். அடாலிமுமாப், ரிட்டுக்ஸிமாப் என்பவை அவற்றில் சில. நல்ல மருந்துகள்தாம், பயந்து ஒதுக்க வேண்டாம்.

ஆனால் ஊசிக்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

முடக்குவாதத்தில் உடம்பின் காவல்காரனே மூட்டைத் தாக்குகிறான். ஊசி அவன் கையைக் கட்டுகிறது. அதே காவல்காரன்தான் ஈரலில் பதுங்கிக் கிடக்கும் ஹெப்பாடிட்டிஸ் பி கிருமியையும் அடக்கி வைத்திருப்பவன். நோய் ஆறிய பிறகும் அந்தக் கிருமியின் வித்து ஈரலில் தங்கியிருக்கும். காவல் தளர்ந்தால் முளைத்துவிடும். காமாலை வரும், சிலருக்கு ஈரலே செயலிழந்து உயிர் போகும். ரிட்டுக்ஸிமாப் ஊசியில் அபாயம் அதிகம். ஊசியை நிறுத்திப் பல மாதம் கழிந்தும் இது வரலாம். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே அம்மருந்தின் குறிப்பில் சேர்க்க வைத்தது.

"எனக்குக் காமாலையே வந்ததில்லையே, வாத்தியாரே!" என்பீர்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியவருக்குப் பெரும்பாலும் அடையாளமே தெரியாது. மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள், நான் உட்பட, சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சோதனை இரத்தத்தில்தான். 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும். 'ஆன்டி எச்.பி.சி.' என்றாவது வந்து போனதா என்று காட்டும். முதலாவதில் இல்லை என்று வந்தாலும் இரண்டாவதையும் கேட்டு எடுங்கள். பதுங்கியிருப்பதைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கிருமி இருந்தால் ஊசியே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முன்னதாகவே தொடங்கி, பிறகு ஊசி போடுவார்கள். சிலருக்கு அவ்வப்போது இரத்தம் பார்த்தாலே போதும். மாத்திரை தந்தால், உடம்பு நன்றாயிருக்கிறதே என்று நடுவில் விடக்கூடாது. ரிட்டுக்ஸிமாப் போட்டவர்கள், ஊசி நின்ற பிறகும் குறைந்தது ஒரு வருடம் மாத்திரையைத் தொடர வேண்டும். கீழாநெல்லிச் சாறு இதற்கு ஈடாகாது.

மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்று இதை மறைக்கும் தாய்மார்களும் உண்டு. ஒன்றாகச் சாப்பிடுவதால் இது தொற்றாது, தனித்தட்டு வேண்டாம். சவரக்கத்தி, பல் தூரிகை மட்டும் தனியாக இருக்கட்டும். வீட்டில் மற்றவர்களும் இரத்தம் சோதித்து, தேவையானால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு வருபவருக்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.